கப்பல் கேப்டன் கொடுத்த சிப்பாய்

வெள்ளையின் ஏ1 யானையும் பி1 குதிரையும் அந்த ஆட்டத்தில் கடைசிவரை அசையவே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து வைத்த இடத்திலேயே நின்றன. அந்த இரண்டு காயின் உதவியும் இல்லாமல் 20-வது மூவில் செக்மேட். வெள்ளை ஆடியவர் தபால் கப்பல் கேப்டன், பெயர் வில்லியம் டேவிஸ் எவன்ஸ். கறுப்பு, அலெக்சாண்டர் மெக்டானல். பெல்ஃபாஸ்டில் பிறந்து, மேற்கிந்தியத் தீவு வியாபாரத்தில் இருந்தவர். இடம் லண்டன். ஆட்டத் தொகுப்புகள் பெரும்பாலும் 1827 என்று வருடம் போடுகின்றன. 1829 என்று போடுவதும் உண்டு.

இருவருக்கும் செஸ் பிழைப்பு இல்லை. நம்மைப் போல வேலை முடிந்த நேரத்தில் ஆடியவர்கள்தான். அந்த ஆட்டத்தின் தொடக்கத்துக்குத்தான் இன்றுவரை எவன்ஸ் கேம்பிட் என்று பெயர். கேம்பிட் என்றால் ஆரம்பத்திலேயே ஒரு காயைக் கொடுத்து வேகம் வாங்குவது.

சனி, ஞாயிறு போட்டிகளில் நான் பல வருடங்களாக இதை ஆடிக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்துவிட்டு, "காஸ்பரோவ் ஆடினதுதானே சார்?" என்று கேட்பார்கள். 1995-ல் ரீகா நகரத்தில், மிகைல் டால் நினைவுப் போட்டியில், நம் ஆனந்துக்கு எதிராக உலக சாம்பியன் காஸ்பரோவ் இதே கேம்பிட்டை எடுத்துவிட்டு 25 மூவில் ஜெயித்தார். தூசு படிந்து கிடந்த ஓப்பனிங்கைத் திரும்ப மேடையேற்றிய ஆட்டம் அது. நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன், நாலைந்து தடவை போர்டில் வைத்து ஆடியும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் ஆட்டத்துக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனந்தின் மூவ் ஒவ்வொன்றும் சரியாகவே தெரிகிறது. திடீரென்று பார்த்தால் அவர் ராஜா நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கே சறுக்கினார் என்று காட்டவே எனக்கு ஒரு கிராண்ட்மாஸ்டர் வேண்டும். கேப்டனின் ஆட்டம் அப்படி இல்லை. அதில் நடக்கும் தப்பெல்லாம் நாம் வைக்கும் தப்பு. எங்கே, ஏன் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

தெரியாதவர்களுக்காக ஓப்பனிங்கைச் சொல்லிவிடுகிறேன். ஏ முதல் எச் வரை நெடுவரிசை, 1 முதல் 8 வரை குறுக்கு வரிசை; காயின் பெயர் சொல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் சிப்பாய் நகர்கிறது. இ4, இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. மந்திரி சி4, மந்திரி சி5. இதுவரை பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் ஆடும் இத்தாலியன் என்ற தொடக்கம். நான்காவது மூவில் வெள்ளை பி4 என்று ஒரு சிப்பாயைத் தள்ளும். கறுப்பு மந்திரியின் மூக்குக்கு நேராக, காவலே இல்லாமல். கடைக்காரர் கையில் திணிக்கும் கொசுறு மாதிரிதான் இருக்கும். பில் பின்னால் வரும். மந்திரி பி4-ஐ வெட்டியதும் வெள்ளை சி3 வைத்து மந்திரியை விரட்டும். மந்திரி ஏ5-க்கு ஓடும். உடனே டி4. கணக்குப் பாருங்கள்: கறுப்பு மந்திரி சி5, பி4, ஏ5 என்று மூன்று தடவை நகர்ந்துவிட்டது. அதே நேரத்தில் வெள்ளைக்கு நடுப்பலகையில் இரண்டு சிப்பாய் நிற்கிறது, ராணிக்கு பி3 திறந்திருக்கிறது, இன்னொரு மந்திரிக்கு ஏ3 திறந்திருக்கிறது. ஒரு சிப்பாய்க்கு இவ்வளவும்.

எவன்ஸ் இதை யோசித்தது 1824 வாக்கில் என்கிறார்கள். அவர் 1790-ல் வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷயரில் பிறந்தவர். சிறுவயதிலேயே கடலுக்குப் போய், பிறகு மில்ஃபோர்ட் ஹேவனிலிருந்து அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்குத் தபால் கொண்டுபோகும் கப்பலில் கேப்டன் ஆனவர். இரவில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க மூன்று நிற விளக்கு முறை ஒன்றைக் கண்டுபிடித்ததும் அவர்தான். 1872-ல் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டில் வறுமையில் இறந்தார். அங்குள்ள கல்லறைக் கல்லில் கப்பல் உத்தியோகமும் விளக்கும்தான் முதலில் வருகின்றன. செஸ் உலகில் எவன்ஸ் கேம்பிட்டின் கர்த்தா என்றும் அறியப்பட்டவர் என்பது அதற்கு அடுத்துதான். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. கேம்பிட் தோற்றால் ஒரு ஆட்டம் போகும், விளக்கு தோற்றால் கப்பலே போகும்.

மெக்டானல் வேறு ரகம். லண்டனில் அவர் பார்த்த வேலை, 1830-லிருந்து, மேற்கிந்திய வியாபாரிகள் கமிட்டியின் செயலாளர் வேலை. அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த தோட்ட முதலாளிகளின் பக்கம் நின்று எழுதியவர். அவரைப் படிக்கும்போது அது நெருடத்தான் செய்கிறது. செஸ்ஸில் ஆள் கெட்டி. 1834-ல் பிரான்ஸின் முன்னணி ஆட்டக்காரர் லா போர்டொனேயோடு 85 ஆட்டம் ஆடினார்: 27 வெற்றி, 45 தோல்வி, 13 டிரா. கேப்டனிடம் வாங்கிய அடியை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது. அந்தத் தொடரில் எவன்ஸ் கேம்பிட்டை அவரே வெள்ளையில் எடுத்து ஆடினார். பிறகு லா போர்டொனேயும் அதையே எடுத்து அவருக்கு எதிராக ஆடினார். அடுத்த வருடமே மெக்டானல் இறந்துபோனார், நாற்பது வயதைத் தொடாமலே.

இப்போது ஆட்டம். போர்டு இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது மூவில் கேப்டன் கோட்டை கட்டுகிறார் (ராஜாவை ஓரமாக ஒதுக்கி, யானையை அதன் பக்கத்தில் நிறுத்துவது), கறுப்பு டி6. ஐந்தாவதில்தான் பி4. இன்று நாம் பி4-ஐ முதலில் வைத்துவிட்டுக் கோட்டை கட்டுகிறோம், அவர் மாற்றிப் போட்டார். மந்திரி பி4-ஐ வெட்டுகிறது. சி3, மந்திரி ஏ5, டி4. எந்த வரிசையில் வந்தாலும் சேரும் இடம் இதுதான். ஏழாவது மூவை மெக்டானல் வைக்க வேண்டும்.

அவர் வைத்தது மந்திரி ஜி4. எஃப்3 குதிரையை ராணியோடு சேர்த்து ‘பின்’ (pin) போடுகிறார்: குதிரை நகர்ந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ராணி போகும். நம் ஊர்ப் போட்டிகளில் பத்துக்கு எட்டுப் பேர் இதைத்தான் வைப்பார்கள், ஏனென்றால் கை தானாக அங்கே போகும். மந்திரி வெளியே வருகிறது, குதிரை கட்டுண்டு நிற்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மந்திரி இருந்த சி8-லிருந்து பி7-க்குக் காவல் இருந்தது, அது போய்விட்டது. எஃப்7-க்கு வேறு ராஜாவைத் தவிர ஆள் இல்லை. கேப்டன் ராணி பி3 வைக்கிறார். ஒரே மூவில் ‘பின்’ கழன்றது, பி7, எஃப்7 இரண்டு பக்கமும் குறி.

மெக்டானல் ராணி டி7 வைத்து எஃப்7-ஐக் காக்கிறார். கேப்டன் குதிரை ஜி5, எஃப்7 மேல் இன்னொரு அடி. குதிரை டி8 என்று பின்வாங்கிக் காவலைக் கூட்டுகிறார் மெக்டானல். இங்கே நிறுத்திக் கறுப்பின் காய்களைப் பாருங்கள். ராணி டி7-ல், அதன் பின்னால் முதல் வரிசையில் குதிரை, நடுவில் ராஜா. எல்லாரும் ஒரே ஒரு சிப்பாயைக் காக்கப் போயிருக்கிறார்கள். பணமெல்லாம் ஒரே இடத்தில் முடங்கிவிட்டது.

பத்தாவது மூவில் டி சிப்பாய் இ5-ஐ வெட்ட, கறுப்பு டி6 சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. சாதாரணப் பரிமாற்றம்தானே என்று தோன்றும். டி6 காலியாகிவிட்டதைக் கவனியுங்கள். மந்திரி ஏ3. அங்கிருந்து எஃப்8 வரை ஒரே நேர்கோடு, குறுக்கே யாரும் இல்லை. கறுப்பு ராஜா இனி அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. ஆட்டம் இங்கேதான் கைமாறியது என்பேன். எஃப்7-ஐப் பார்த்து எல்லாரும் பதறிக்கொண்டிருக்கும்போது கேப்டன் எஃப்8-ஐ எடுத்துக்கொண்டார்.

குதிரை எச்6, எஃப்7-க்கு இன்னொரு காவல். எஃப்3, மந்திரி பி6-லிருந்து செக், ராஜா எச்1, ஜி4 மந்திரி எச்5-க்கு. யானை டி1, ராணி சி8. பதினைந்தாவது மூவில் யானை டி8 குதிரையை வெட்டிச் செக். யானையைக் கொடுத்துக் குதிரையை எடுக்கிறார், காவல்காரனைக் கொல்வதற்கு. ராணி திருப்பி வெட்டுகிறது. குதிரை எஃப்7. அங்கிருந்து டி8 ராணிக்கும் எச்8 யானைக்கும் ஒரே நேரத்தில் குறி.

அந்தக் குதிரையை எச்6 குதிரையால் வெட்டலாம், எச்5 மந்திரியாலும் வெட்டலாம். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூவ் ஆழத்துக்குக் கணக்குப் போட வேண்டும், எதுவும் சுகமாக முடியாது. மெக்டானல் இரண்டையும் விட்டுவிட்டு ராணியை எச்4-க்குத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த மூவ் இதுதான், தோற்கிற மூவாக இருந்தும். அடுத்து இ1-ல் இறங்கினால் கேப்டனுக்கு மேட். எஃப்1-ல் மந்திரியை நுழைத்தாலும் அதையும் வெட்டி மேட், ஜி1-ஐ பி6 மந்திரி அடைத்து வைத்திருக்கிறது. அடி வாங்கிக்கொண்டிருப்பவன் திருப்பி ஓங்கும் கை. 1600 ரேட்டிங்குக்குக் கீழே ஆடுகிற எவருக்கும் இந்த மனநிலை தெரியும்: காப்பாற்றத் தெரியவில்லையா, மிரட்டிப் பார்.

கேப்டன் பதறியிருந்தால் கதையே வேறு. ஒரு மூவ் செக் இல்லாமல் வைத்தால் அவர் காலி. பி5-ல் ராணி செக். சி6 சிப்பாயைத் தவிரத் தடுக்க வேறு வழியில்லை: டி8-ஐ எஃப்7 குதிரை பார்த்துக்கொள்கிறது, எஃப்8-ஐ ஏ3 மந்திரி. அதே வரிசையில் ராணி ஓடிப்போய் இ5 சிப்பாயை வெட்டி மறுபடி செக். ராஜா டி7. ராணி இ6, செக். ராஜா சி7, போக வேறு இடமில்லை. மந்திரி டி6, மேட். மெக்டானலின் இரண்டு யானையும் ஏ8, எச்8 மூலைகளிலேயே நிற்கின்றன. அவர் ராணி இன்னும் இ1-ஐப் பார்த்தபடிதான் இருக்கிறது.

இதே கேம்பிட்டில் அப்புறம் எவ்வளவோ பெரிய ஆட்டங்கள் வந்தன. 1852-ல் பெர்லினில் ஆண்டர்சென் டுஃப்ரெஸ்னேவை அடித்த 'எவர்கிரீன்' ஆட்டம் எவன்ஸ்தான். ஆண்டர்சென் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அவரையும் நம் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம். 1963-ல் ஃபிஷர் நியூயார்க்கில் ரூபன் ஃபைனை 17 மூவில் முடித்ததும் இதில்தான். ரஷ்யாவின் சிகோரின் வாழ்நாள் முழுக்க இதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கேம்பிட்டுக்குச் சாவு மணி அடித்தவர் உலக சாம்பியன் லாஸ்கர், 1890-களில். மெக்டானல் ஜி4-க்கு மந்திரியை விட்ட அதே நிலையில், அதே ஏழாவது மூவில், லாஸ்கர் ஏ5 மந்திரியைச் சும்மா பி6-க்கு இழுத்துக்கொண்டார். வெள்ளை இ5-ஐ வெட்டி, ராணிகளை மாற்றி, கொடுத்த சிப்பாயைக் குதிரையால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாக்குவதற்கு ராணி இல்லை, ஏ சிப்பாயும் சி சிப்பாயும் துணையில்லாமல் தனித்தனியாக நிற்கும். தின்ற சிப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) ஆடுவதுதான் லாஸ்கரின் யோசனை. கேம்பிட் ஆடுபவனுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை.

அப்புறம் ஏன் இன்னும் இதை ஆடுகிறாய் என்று கேட்பீர்கள். எங்கள் போட்டிகளில் ஆளுக்கு 15 நிமிடம், மூவுக்கு 10 விநாடி கூடுதல். கேப்டன் காலத்தில் கடிகாரமே கிடையாது; மெக்டானல் ஒரு மூவுக்கு யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் பிரசித்தம். அவ்வளவு யோசித்தும் அவருக்கு பி6 தோன்றவில்லை. இங்கே எதிரில் இருப்பவர் நான்காவது மூவிலேயே பி4-ஐப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். வெட்டலாமா வேண்டாமா, வெட்டினால் மந்திரி எங்கே, டி4-ஐ வெட்டலாமா, சி3-யையும் வெட்டலாமா என்று மூவுக்கு மூவ் கேள்வி. பதில் எல்லாவற்றுக்கும் இருக்கிறது, அதை உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தாவது மூவுக்குள் அவர் கடிகாரத்தில் பாதி போயிருக்கும். கம்ப்யூட்டர் இந்த நிலையைச் சமம் என்று காட்டும். கம்ப்யூட்டருக்கு வியர்க்காது.

பெரும்பாலும் இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை என்பது வேறு கதை. இ4-க்கு இ5 வைக்காமல் சிசிலியன் வைப்பார்கள், காரோ-கான் வைப்பார்கள். இ5 வைக்கிறவர்களும் மூன்றாவது மூவில் மந்திரிக்குப் பதில் எஃப்6-ல் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். பி4 வரை வந்த பிறகும், சிப்பாயே வேண்டாம் சாமி என்று பி6-க்கு மந்திரியை எடுத்துக்கொண்டு போகிற ஜாக்கிரதைப் பேர்வழிகள் உண்டு. தட்டில் வைத்துக் கொடுப்பதை மறுக்கிறவர்களோடு ஆடுவது தனிக் கஷ்டம்.

போன கோடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. மணமேடையில் ஆர்பிட்டர் (நடுவர்) மேஜை, சாப்பாட்டுக் கூடத்தில் பெற்றோர்கள், வாழையிலை போடும் நீள மேஜைகளில் வரிசையாகப் போர்டுகள். எனக்கு எதிரே பத்துப் பதினோரு வயதுப் பையன். கால் தரையில் எட்டவில்லை. ரேட்டிங் என்னைவிட நாற்பது கூடுதல். 2024 மார்ச்சில் உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லாருக்கும் ரேட்டிங்கை ஏற்றிக் கொடுத்ததிலிருந்து இந்த எண்களை நான் ரொம்ப நம்புவதில்லை, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

பி4 வைத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வெட்டினான். சி3, மந்திரி ஏ5. டி4, டி6. ராணி பி3, ராணி டி7. இ5-ஐ வெட்டினேன். அதைத் திருப்பி வெட்டுவான் என்று காத்திருக்கிறேன், அவன் மந்திரியை பி6-க்கு இழுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். சிப்பாய் உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்கிற பாவனை. லாஸ்கரின் அதே புத்தி, இன்றைய ரூபத்தில். அடுத்த இரண்டு மூவில் குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் என் சி4 மந்திரியையும் வெட்டிவிட்டான். தாக்குதல் அதோடு போயிற்று. கொஞ்ச நேரம் இருவரும் சுற்றிவிட்டு, யானை எண்ட்கேமில் டிரா.

வெளியே வந்ததும், "தம்பி, எவன்ஸ் யாருன்னு தெரியுமா?" என்றேன். தெரியாது என்றான். கோச் கொடுத்த ஃபைலில் அந்தப் பேர் இருந்தது, அவ்வளவுதானாம். சாப்பாட்டுக் கூடத்திலேயே ஒரு போர்டைப் பிடித்து கேப்டனின் ஆட்டத்தை வைத்துக் காட்டினேன். அவன் அம்மா தயிர்சாத டப்பாவோடு பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

ஏழாவது மூவ் வந்ததும், "இங்க பி6 வைக்கணும் அங்கிள்," என்றான், மெக்டானல் ஜி4 வைப்பதற்கு முன்னாலேயே.

"அவருக்குத் தெரியாதுப்பா. அதைக் கண்டுபிடிக்க இன்னும் எழுபது வருஷம் இருக்கு."

"யோசிச்சா தெரியுமே."

யானை டி8-ஐ வெட்டியபோது மட்டும் கையை நீட்டி நிறுத்தினான். "ராணியால ஏன் வெட்டினாரு? ராஜாவால வெட்டினா?" வைத்துப் பார்த்தோம். ராஜா டி8-ல். குதிரை எஃப்7-ல் செக். கறுப்பு எச்6 குதிரையால் அதை வெட்ட, வெள்ளை மந்திரி திருப்பி வெட்டுகிறது. "இப்ப உங்க மந்திரிய நான் மந்திரியால எடுத்துக்குவேன்." நான் ராணியால் எடுத்து, இ7-ல் மேட் மிரட்டல் என்றேன். அவன் டி7-ல் ராணியை வைத்தான், வேண்டாமென்று எடுத்தான், இ6-ல் வைத்தான். "கண்ணா, ஒரு வாய்," என்றார் அம்மா. வாயைத் திறந்தான், கண் போர்டை விட்டு நகரவில்லை. ராணி இ8 வைத்தால் என்ன என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுவரில் அடுத்த சுற்று ஜோடிகளை ஒட்டிவிட்டார்கள். கூட்டம் முண்டியடித்தது. அவனும் டப்பாவை விட்டுவிட்டு ஓடினான்.

எனக்கு மறுபடியும் வெள்ளை. எதிராளி சிசிலியன் வைத்தார்.